தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கே, இறங்கலாமா?

தங்கை மகனுக்குப் பத்து வயது. போன ஆடி மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் போயிருந்தேன். படித்துறையில் நின்று தாமிரபரணியைக் குனிந்து பார்த்தவன், "மாமா, அடியில கிடக்கிற கல்லெல்லாம் தெரியுதே. அப்போ தண்ணி சுத்தம்தானே?" என்று கேட்டான். உடனே "ஆமாம்" என்று சொல்ல வாய் வரவில்லை. நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, சித்தப்பா தூக்கிப் போட, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறிப் பழகியவன். அந்தக் கிணற்றுத் தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. அவன் கேட்டதற்குப் படித்துறையில் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணுக்குத் தெரிவது எது, தெரியாதது எது என்று பார்ப்போம். தண்ணீர் கலங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அதில் மிதக்கும் மண், வண்டல், பாசித் துகள். நோய் தரும் கிருமிகள் அதைவிட மிக மிகச் சின்னவை. சாதாரணக் குடல் பாக்டீரியா ஒன்றின் நீளம் சுமார் இரண்டு மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்நூறை வரிசையாக நிறுத்தலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கோடி பாக்டீரியா இருந்தாலும் அது ஊற்றுத் தண்ணீர் போலத்தான் தெரியும். ஆடிச் சாரலில் செங்காவி நிறத்தில் வரும் மலைத் தண்ணீர், ஊருக்குக் கீழே தெளிந்து ஓடும் தண்ணீரைவிடக் கிருமி குறைவாக இருக்கவும் கூடும். அதற்காகக் கலங்கல் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கலங்கல் நீரில் சூரிய ஒளி ஆழமாக இறங்காது, ஒளி படாத இடத்தில் கிருமிகள் கூடுதல் நேரம் உயிரோடு இருக்கும், காலடியில் கல் இருக்கிறதா கசம் இருக்கிறதா என்பதும் தெரியாது.

மூக்குக்கும் இதே கதைதான். நாற்றம் வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். நாற்றம் வராததால் நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது.

சரி, கண்ணும் மூக்கும் உதவாதென்றால் எதை வைத்து அளக்கிறார்கள்?

ஒரே ஒரு கிருமியைத் தேடுகிறார்கள்

ஆற்றுத் தண்ணீரில் காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை என்று பலவற்றுக்கான கிருமிகள் வரலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடினால் செலவு தாங்காது, நாளும் போதாது. தேடி ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று இல்லை என்றும் ஆகாது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வழி உண்டு. பெரும்பாலும் இவை மனித மலத்தின் வழியாகவே தண்ணீருக்கு வருகின்றன. ஆகவே நோய்க்கிருமியைத் தேடாமல், மலம் கலந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்கிறோமே, அந்தப் புகையைத் தேடுவது போல.

அந்தப் புகைதான் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக் கூட்டம். அதில் முக்கியமானது ஈ. கோலை. 1885-இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் கண்டறிந்தது. மனிதர், மாடு, நாய், பறவை என்று வெதுவெதுப்பான ரத்தமுள்ள எல்லா உயிரின் குடலிலும் இது கோடிக்கணக்கில் வாழ்கிறது. பெரும்பாலான வகைகள் நமக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. ஆனால் ஆற்றில் இது நிறைய இருந்தால், அண்மையில் யாருடைய குடலிலிருந்தோ ஏதோ இந்தத் தண்ணீருக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு வேறு எது வந்திருக்குமோ என்பதுதான் கவலை.

ஆய்வகத்தில் இதை எண்ணும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும், நம் சமையலறைக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களை வைத்து, அவற்றில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கலந்த சாற்றை ஊற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கிடக்கும். ஆற்றுத் தண்ணீரைச் சில குழாய்களில் கொஞ்சம் அதிகமாகவும், சிலவற்றில் பத்தில் ஒரு பங்கும், சிலவற்றில் நூற்றில் ஒரு பங்கும் விட்டு வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பார்கள். கோலிஃபார்ம் இருந்தால் அந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கும். இட்லி மாவு பொங்குவது போல வாயு எழுந்து, கவிழ்த்து வைத்த குட்டிக் குழாயில் குமிழாகத் தங்கும். குடலிலிருந்து வந்த வகையைப் பிரித்தறிய 44.5 டிகிரி சூட்டில் வைப்பார்கள், அந்தச் சூட்டை மற்ற பல வகைகள் தாங்குவதில்லை. எந்தெந்தக் குழாயில் குமிழ் வந்தது என்று பார்த்து, ஓர் அட்டவணையின் உதவியால் "100 மில்லி தண்ணீரில் பெரும்பாலும் இத்தனை இருக்கலாம்" என்று ஓர் எண் சொல்வார்கள். மாசு பற்றிய அறிக்கைகளில் எம்.பி.என். என்று போட்டிருப்பது இந்த எண்தான். ஒவ்வொன்றாக எண்ணி வந்த கணக்கல்ல, நிகழ்தகவை வைத்துப் போட்ட மதிப்பு. அதனால் 480-க்கும் 520-க்கும் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டாம். 500-க்கும் 50,000-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. குமிழ் வர ஒன்றிரண்டு நாள் ஆகும். கையில் அறிக்கை வரும்போது அந்தத் தண்ணீர் கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். நாம் படிப்பது எப்போதும் முந்தாநாள் ஆற்றைப் பற்றித்தான். இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

குளிப்பதற்கு எவ்வளவு வரை சரி?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் நீர்நிலைகளைப் பயன்பாட்டை வைத்து ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அதில் 'பி' வகை, மக்கள் இறங்கிக் குளிக்கும் இடம். 100 மில்லியில் மொத்தக் கோலிஃபார்ம் 500-க்குள், பி.எச். என்ற அமில-கார அளவு 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில், கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது, பி.ஓ.டி. 3 மில்லிகிராமுக்குள். 2000-இல் குளிக்கும் நீருக்கென்று தனியாக அறிவித்த அளவுகோலில் மலக் கோலிஃபார்ம், அதாவது 44.5 டிகிரி சூட்டைத் தாங்கும் அந்தக் குடல் வகை, 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், மிஞ்சிப்போனால் 2,500 வரை போகலாம் என்றும் வைத்தார்கள்.

பி.ஓ.டி. என்பது தண்ணீரில் கலந்திருக்கும் அழுகும் பொருளைச் சாப்பிட, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன என்ற கணக்கு. சாக்கடை, சோற்றுக் கழிவு, மாலை, பூ, சாய ஆலைக் கழிவு, எது கூடினாலும் அது கூடும். நம் ஊர் வெயிலில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைகிற இடத்தில், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். ஆகவே கோடையில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் ஆறு சீக்கிரம் மூச்சுத் திணறும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் ஆக்சிஜன் செலவாகி, வெயில் வந்து பாசி மறுபடி அதை உண்டாக்குவதற்கு முந்திய நேரம் அது.

இந்த வகைப்பாட்டில் என்னை யோசிக்க வைத்தது 'சி' வகை. சுத்திகரித்துக் குடிநீராக்கத் தகுந்த தண்ணீர் அது. அதில் மொத்தக் கோலிஃபார்ம் 5,000 வரை இருக்கலாம். அதாவது குளிக்கும் நீருக்குக் கேட்பதைப் போலப் பத்து மடங்கு. "குடிக்கவே இந்த ஆற்றுத் தண்ணீரைத்தானே எடுக்கிறார்கள், குளித்தால் என்ன?" என்று படித்துறையில் அடிக்கடி கேட்கிறோம். குடிக்க எடுக்கும் தண்ணீர் வடிகட்டி, குளோரின் போட்டு வீட்டுக்கு வருகிறது. குளிப்பவர் அதற்கு முந்திய தண்ணீரில் முங்குகிறார், முங்கும்போது ஒரு வாய் விழுங்கவும் செய்கிறார். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகமாக விழுங்குவார்கள்.

500 என்ற எண் எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுத்திகரிக்காத சாக்கடையில் 100 மில்லிக்கு ஒரு கோடி மலக் கோலிஃபார்ம் இருப்பது சாதாரணம். அதை 500-க்குக் கொண்டுவர வேண்டுமானால் 20,000 மடங்கு நல்ல தண்ணீர் சேர வேண்டும். 15 லிட்டர் பிடிக்கும் ஒரு வாளிச் சாக்கடைக்கு மூன்று லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 25 லாரி. ஒரு வாளிக்கு! ஒரு நகரத்தின் சாக்கடை ஓடை நாள் முழுக்க ஆற்றில் விழும்போது அதைக் கரைத்துவிட எந்த ஆற்றில் அவ்வளவு தண்ணீர் ஓடுகிறது?

ஓடுகிற தண்ணீர் கெடாது என்பார்கள். பாதி உண்மை. ஓடும்போது காற்று கலக்கிறது, வெயில் படுகிறது, அழுக்கு படிகிறது, கிருமிகள் சாகின்றன. ஆனால் அதற்கெல்லாம் நேரம் வேண்டும். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் ஆறு ஒரு நாளில் 43 கிலோமீட்டர் போய்விடும். பத்து கிலோமீட்டர் மேலே விழுந்த சாக்கடை ஐந்தரை மணி நேரத்தில் உங்கள் படித்துறைக்கு வந்துவிடும். குடல் பாக்டீரியா அதற்குள் செத்துத் தீர்ந்துவிடாது, நாள்கணக்கில்கூட இருக்கும்.

ஆகவே தண்ணீர் எப்படித் தெரிகிறது என்பதைவிட எங்கிருந்து வருகிறது என்று கேட்பதுதான் பயன் தரும். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, காரையாறு அணை தாண்டி, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகிறது. அங்கே நிற்பவருக்கு மேலே பெரும்பாலும் காடுதான். அதே ஆறு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி கடந்து திருநெல்வேலிக்குள் நுழைந்து வெளியேறும்போது, மேலே இருப்பது பல ஊர்கள். திருநெல்வேலியில் ஆற்றில் கழிவுநீர் கலப்பது பல ஆண்டுகளாக நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்கும் விஷயம். குறுக்குத்துறை முருகன் கோயில் படியில் உட்கார்ந்தால் மனசுக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இது வலிக்கிறது.

பாபநாசத்திலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தண்ணீருக்கடியில் சேலையும் வேட்டியும் கல்லில் சுற்றிக் கிடக்கின்றன. அது கிருமிக் கணக்கில் வராது. ஆனால் முங்குபவரின் காலைச் சுற்றும், மீனுக்கும் ஆகாது. மருமகன் அன்று அடியில் பார்த்ததில் பாதி கல், பாதி துணி.

குற்றால அருவிகளின் நிலை கொஞ்சம் வேறு. மேலே மலையும் காடும், தண்ணீர் விழுந்து சிதறுவதால் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சீசனில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் நின்று குளிக்கிறார்கள். குளிப்பவர் உடம்பிலிருந்தும் கிருமி கழுவப்படும், இது எல்லோருக்கும் பொருந்தும். அருவிக்கு நேர் கீழே நிற்பவருக்குப் புதுத் தண்ணீர், கீழே தேங்கிய இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அத்தனை பேர் குளித்த தண்ணீர். குழந்தைகளை நாம் பத்திரம் என்று உட்கார வைப்பது அந்தத் தேங்கிய இடத்தில்தான்.

மழை பெய்தால் என்ன ஆகும்

அறிக்கை வர இரண்டு நாள் ஆகும் என்றேன். அப்படியானால் இன்று குளிக்கலாமா என்று எப்படி முடிவு செய்வது? உலகம் முழுக்க இதற்கு உதவும் ஒரு நல்ல அடையாளம் மழை.

வெயில் காலம் முழுக்கத் தெருவில் கிடந்த சாணம், குப்பை, திறந்தவெளியில் ஒதுங்கியவை, காய்ந்து கிடந்த சாக்கடைக் கசடு, எலி வளை, எல்லாவற்றையும் முதல் பெருமழை கழுவி ஆற்றில் சேர்க்கிறது. புது வெள்ளம் என்று ஓடிப்போய்ப் பார்க்கிறோமே, அந்த வெள்ளத்தில்தான் ஆண்டின் மொத்த அழுக்கும் ஒன்றாக இறங்குகிறது. பிறகு அதே பருவத்தில் தொடர்ந்து மழை பெய்து ஆறு நிறைந்து ஓடும்போது நிலைமை மெல்லத் தேறலாம். ஆனால் ஒவ்வொரு கனமழைக்குப் பின்னும் எண் எகிறும்.

பாரிஸ் நகரத்துக்கும் இதே பாடுதான். அங்கே சீன் ஆற்றில் குளிக்க 1923-இல் தடை போட்டார்கள். 2024 ஒலிம்பிக்ஸுக்காகச் சுமார் 140 கோடி யூரோ செலவழித்து ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். அந்த ஊரின் பழைய குழாய்களில் மழைநீரும் சாக்கடையும் ஒன்றாகவே ஓடும். பெருமழையில் குழாய் நிரம்பினால் இரண்டும் சேர்ந்து ஆற்றில் வழியும். அதைத் தடுக்க ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து கோடி லிட்டர் பிடிக்கும் நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். அப்படியும், தொடக்க விழா நாளில் கொட்டிய மழையால் ஜூலை 30-இல் நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் (அந்த ஆற்றில் நீந்தி, பிறகு சைக்கிள் ஓட்டி, ஓடும் போட்டி) ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் நடந்தது. 2025 ஜூலையில் பொதுமக்கள் குளிக்கச் சில இடங்களைத் திறந்துவிட்டார்கள். நூறு ஆண்டு கழித்து ஓர் ஆற்றைத் திரும்பப் பெற முடிந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி. அங்கும் மழை பெய்தால் கொடி மாறும், குளிக்க விடமாட்டார்கள்.

ஒரே ஆறு நாளுக்கு நாள் எப்படி மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2025 பிப்ரவரியில், கும்பமேளா நடந்துகொண்டிருந்தபோது, பிரயாக்ராஜில் மலக் கோலிஃபார்ம் குளிக்கும் அளவைத் தாண்டியிருந்தது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் சொன்னது. சில வாரம் கழித்து வந்த இன்னோர் அறிக்கை, எல்லா நாள் மாதிரிகளையும் சேர்த்துப் புள்ளிவிவரமாகப் பார்த்தால் தண்ணீர் குளிக்கத் தகுந்ததாகவே இருந்தது என்றது. எது உண்மை என்று பலர் சண்டை போட்டார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆற்றின் நிலையைச் சராசரியால் சொல்லலாம், ஆனால் குளிப்பவர் சராசரி நாளில் குளிப்பதில்லை. ஏதோ ஒரு குறிப்பிட்ட நாளில்தான் முங்குகிறார்.

அந்த எண் சொல்லாத மூன்று

கோலிஃபார்ம் குறைவாக இருந்தாலும் வேறு வழியில் வரும் ஆபத்துகள் உண்டு.

முதலாவது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற சுருள் பாக்டீரியா எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீர் வழியாகத் தண்ணீருக்கும் சேற்றுக்கும் வருகிறது. விழுங்க வேண்டியதில்லை. காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் போதும், அதன் வழியே நுழையும். வயலில் வேலை செய்பவர்களுக்கும் மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நடப்பவர்களுக்கும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் இது தெரிந்த நோய்தான். குளித்து ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, கண் சிவத்தல் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நேரத்தோடு போனால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும்.

இரண்டாவது, மூளையைத் தின்னும் அமீபா என்று செய்திகளில் வரும் நெக்ளீரியா. 1965-இல் ஆஸ்திரேலியாவில் முதலில் இதை விவரித்தார்கள். கேரளத்தில் 2024-லிலும் 2025-லிலும் பலர் அமீபா மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சு நம் ஊரிலும் வந்தது. இது சாக்கடையிலிருந்து வருவதல்ல. வெதுவெதுப்பான நன்னீரில், அடிச் சேற்றில் இயல்பாகவே வாழ்கிறது. அதனால் கோலிஃபார்ம் எண்ணைப் பார்த்து இதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இந்தத் தண்ணீரைக் குடித்தால்கூட நோய் வராது. மூக்கில் வேகமாக ஏறினால், மணம் அறியும் நரம்பின் வழியாக மூளைக்குப் போகிறது. மிக மிக அரிது, ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். 2024-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் பிழைத்தான். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்ததுதான் அதில் முக்கியம். கோடையில் வற்றிச் சூடேறிய குளத்தில் குதிப்பதையும், அடிச் சேற்றைக் கலக்குவதையும், மூக்கைப் பிடிக்காமல் முங்குவதையும் தவிர்ப்பது இதற்காகத்தான். பிள்ளைகள் மேலிருந்து கால் நீட்டிக் குதிக்கும்போது தண்ணீர் எவ்வளவு வேகத்தில் மூக்கில் ஏறுகிறது என்று நமக்கே தெரியும். நெற்றியில் அடிக்கிற அந்த எரிச்சலை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மூன்றாவது நீலப்பச்சைப் பாசி. கோயில் தெப்பக்குளமோ ஊர்க் குளமோ திடீரென்று பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். துணிச் சோப்புத் தூள், பூ, அரிசி, பொரி, சாக்கடை எல்லாம் சேர்ந்து தண்ணீரில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஏற்றிவிடும். தேங்கிய தண்ணீர், நல்ல வெயில். பாசிக்கு இதைவிட விருந்து வேண்டாம். எல்லாப் பாசியும் கெட்டதல்ல. ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்டில் முக்கியது போலக் குச்சி முழுக்கப் பச்சை பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அதில் சில வகை தோலுக்கும் ஈரலுக்கும் கெடுதலான நஞ்சை விடும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அந்தக் குளத்தில் மாட்டைக்கூட இறக்க வேண்டாம்.

கல்குவாரிக் குட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீலமாக, அடிவரை தெளிவாக இருக்கும். பாசி வளரச் சத்து இல்லாததால் வந்த தெளிவு அது. கிருமி குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் கரையே இல்லாமல் செங்குத்தாக ஆழம், பிடித்து ஏற இடம் கிடையாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே செத்திருக்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

நான் இப்போது எப்படிப் பார்க்கிறேன்

ஆற்றுக்குப் போனால் முதலில் தண்ணீரைப் பார்ப்பதில்லை, கொஞ்சம் மேல்பக்கம் நடந்து பார்க்கிறேன். ஓடை எங்கே சேர்கிறது, குழாய் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, மாடு எங்கே குளிக்கிறது. சாக்கடை விழும் கரையைவிட எதிர்க்கரை நல்லது. ஆற்றின் இரு கரைத் தண்ணீரும் முழுதாகக் கலக்க வெகுதூரம் ஆகும். அப்புறம், கடைசியாக எப்போது பெருமழை பெய்தது என்று கரையில் துவைத்துக்கொண்டிருக்கும் அக்காவிடம் கேட்கிறேன். இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். காலில் புண் இருந்தாலும் அப்படித்தான். முங்கினால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன், வாயில் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு குளியல்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் கேட்பதுண்டு. குடிநீரைச் சோதிக்க ஒரு சின்னக் குப்பி கிடைக்கிறது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுத்துவிடும். 1982-இல் நம் நாட்டில் உருவான முறை. கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் அருமையானது. ஆற்றுக்கு அது போதாது. திறந்து ஓடும் தண்ணீரில் கொஞ்சமாவது கிருமி எப்போதும் இருக்கும், குப்பி கறுக்கத்தான் செய்யும், 500 இருக்கிறதா 50,000 இருக்கிறதா என்று அது சொல்லாது. எண் வேண்டுமானால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்தே கிருமி நீக்கிய புட்டி வாங்கிக்கொண்டு போய், மக்கள் குளிக்கும் இடத்தில், மேல்மட்டத்திலிருந்து ஓர் அடி கீழே அமுக்கிப் பிடித்து எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த புட்டியின் முடிவை நம்ப முடியாது.

உங்கள் ஆற்றுக்கு ஏற்கெனவே எண் இருக்கவும் வாய்ப்புண்டு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தாமிரபரணி உட்படப் பல ஆறுகளில் தொடர்ந்து மாதிரி எடுக்கிறது. மத்திய வாரியம் அவற்றை ஆண்டுதோறும் இடவாரியாக, குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு கட்டமாக வெளியிடுகிறது. அதிக அளவு என்ற கட்டத்தைப் படியுங்கள். உங்கள் ஊர் படித்துறை அதன் மோசமான நாளில் எப்படி இருந்தது என்பது அங்கேதான் இருக்கும். ஊராட்சிக் கூட்டத்தில் சாக்கடைக் குழாயைப் பற்றிப் பேச எழுந்திருக்கும்போது கையில் அந்தத் தாள் இருந்தால் பேச்சுக்கு வலு வரும்.

குளித்து வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, கழுத்து விறைக்கும் தலைவலியோ, நிற்காத வயிற்றுப்போக்கோ வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் "டாக்டர், பத்து நாளைக்கு முன்னால் ஆற்றில் குளித்தேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் அமீபாவுக்கும் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு தகவலை வைத்துத்தான் அவர் தீர்மானிப்பார்.

அன்று பாபநாசத்தில் மருமகனிடம் மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவரச் சொன்னேன். பூ விற்கும் பாட்டியிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்து, "நாலு நாளாச்சாம் மாமா" என்றான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு போட்டான். நாலாவது முங்கில் கையில் ஒரு பழைய துண்டோடு வந்தான். இருவரும் சேர்ந்து அப்புறம் ஒரு மணி நேரம், கைக்கு எட்டிய துணிகளையெல்லாம் இழுத்துக் கரையில் போட்டோம்.